வைத்துவிட்ட சத்தம்

அவர் போனை முதலில் வைத்து நான் பார்த்ததே இல்லை. எதிர்முனையில் பேசுகிறவர் "சரிங்க, வெச்சிடட்டுமா?" என்று கேட்பார். இவர் "ஆங், வைங்க" என்பார். அவர்கள் வைத்த பிறகும் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளே வரும் டொய்ங் டொய்ங் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்பார். அதற்கப்புறம்தான் கீழே வைப்பார். ஏன் அண்ணா இப்படி என்றால், "வெச்சது தெரியணும் இல்ல மா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார். போனில் பேசவே பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சு உண்மையிலேயே முடிந்ததா என்று பயந்த ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான்.

அவர் திருத்தணியை விட்டுப் போய்க் கொஞ்ச வருஷம் ஆகிறது. நான் அப்போதும் இப்போதும் அரக்கோணம் ரோட்டில் இருக்கும் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில்தான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருக்கும் லாட்ஜ், அரிசி மில், கல்யாண மண்டபம், ஆபீஸ் என்று எங்கே இன்டர்காம் பெட்டி மாட்டியிருந்தாலும் அது அவர் மாட்டியதாக இருக்கும். பேன்ட் பெல்ட்டில் லைனைச் சோதிக்கும் டெஸ்ட் போன் ஒன்று எப்போதும் தொங்கும். முழுக்கைச் சட்டையை வெயிலிலும் மடித்துவிட மாட்டார். முகத்தில் யாரோ இப்போதுதான் கெட்ட சேதி சொல்லிவிட்டுப் போன மாதிரி ஒரு வாட்டம். சிரிக்கும்போது கூட அது போகாது.

வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் வேலையை முடிக்கத் தெரியாதவர். மலையடிவாரத்தில் ஒரு லாட்ஜுக்கு எல்லா அறைக்கும் போன் போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? மறுநாள் மத்தியானம் போய் ஒவ்வொரு அறைக்கும் அடித்துப் பார்த்திருக்கிறார். மொட்டை போட்டு, மலையேறி இறங்கி அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் பதறிப்போய் எடுத்து, "யாருங்க? என்னங்க ஆச்சு?" என்றிருக்கிறார்கள். "ஒண்ணும் இல்லீங்க. வேல செய்யுதான்னு பாத்தேன். நீங்க மொதல்ல வைங்க" என்றிருக்கிறார் இவர். சித்தூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் தெலுங்கில் திட்டியதை லாட்ஜ்காரர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நடித்தே காட்டினார்.

எங்கள் வீட்டுக்கு ஒருமுறை காலிங் பெல் மாட்ட வந்தார். மாட்டி, அடித்து, அது சத்தமும் போட்டாயிற்று. டீ குடிக்க உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. வாசலில் நின்று ஸ்விட்சை அழுத்தி, விட்டு, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "கை எடுத்தப்பறம் உள்ள ஏதனா ஓடிகினே இருந்துச்சின்னா எரிஞ்சிடும் மா" என்றார். அவர் டீ ஆறிப் போய் ஏடு படிந்தது. அவர் டீ எப்போதும் அப்படித்தான் ஆகும்.

மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள். அவளைப் பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். தினம் சாயங்காலம் எங்கே வேலையில் இருந்தாலும் மகளுக்குப் போன் போய்விடும். என்ன பேசுவார்கள் என்று எனக்கு மனப்பாடம். சாப்பிட்டியா, தூங்கினியா, கால் வீக்கம் எப்படி இருக்கு. கடைசியில் "நீ வை பாப்பா" என்பார். அவள் "நீ வை நைனா" என்பாள் போல. இவர் வைக்க மாட்டார். அவள் சலித்துக்கொண்டு வைக்கிற சத்தம் எனக்கே கேட்கும்.

அந்த மகள் நிறைமாசமாக இருந்தபோதுதான் எங்கள் டாக்டரம்மாவுக்குக் கம்ப்யூட்டர் ஆசை வந்தது. சென்னையில் எங்கேயோ பார்த்திருக்கிறார். போன் அடித்தால் கம்ப்யூட்டரே எடுத்து வணக்கம் சொல்லி, டாக்டருக்கு இந்த நம்பர், வண்டிக்கு இந்த நம்பர் என்று பிரித்துக் கொடுத்துவிடும். அதற்கு ஒரு கார்டு வாங்கி வந்து கம்ப்யூட்டருக்குள் செருக வேண்டும். நம்முடைய இன்டர்காம் பெட்டியிலிருந்து நாலு ஒயரை இழுத்து அந்தக் கார்டில் மாட்ட வேண்டும். அவர் மாட்டினார். திரையில் நாலு கட்டம் தெரிந்தது. அழைப்பு வந்தால் கட்டம் பச்சையாகும், பேசி முடித்தால் வெள்ளையாகும். வரவேற்புக் குரல் என்னுடையதாக இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. நான் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டேன். அதுவரை சோதனைக்கு என்று அவரே தன் குரலில் "வணக்கம், சொல்லுங்க" என்று பதிவு செய்து வைத்தார். அதைச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் கொஞ்சம் பொறுத்திருந்து என் மேஜைக்கு மணி அடிக்கும்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் காலையிலிருந்து போனே வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ரொம்ப நாளாகக் கிடந்த பீரோவை ஒழுங்குபடுத்தினேன். மத்தியானம் மணவூரிலிருந்து ஒரு ஆள் வியர்த்து விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"இன்னா ஆஸ்பத்திரி நடத்துறீங்க? காலையிலேர்ந்து அடிச்சிகினே கீறேன். எங்கேஜ், எங்கேஜ், எங்கேஜ். பொம்பளைய ரயில்ல இட்டுகினு வந்தேன், தெரியுமா?"

திரையைப் பார்த்தால் நாலு கட்டமும் பச்சை. யாரும் பேசவில்லை, ஆனால் நாலு லைனும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அண்ணாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது.

காரணம் எங்கள் ஜனங்களின் பழக்கம். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வது என்றால் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவது. நான் நம்பரைப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட வேண்டும். காசை மிச்சம் பிடிக்க ஆரம்பித்தது. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று ரீசார்ஜ் வந்த பிறகும் விடவில்லை. தறிக்காரர் வீடுகளில் இன்னும் அதிகம். உள்ளே தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்து நிற்பார்கள். இப்போது கம்ப்யூட்டர் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுகிறது. அவர்களோ எடுத்ததுகூடத் தெரியாமல் வைத்துவிடுகிறார்கள்.

"வெச்சிட்டா நம்ம பெட்டி உள்ள டொய்ங் டொய்ங்னு சத்தம் விடும் மா. நீயும் நானும் கேட்டா வெச்சிடுவோம். இந்தக் கார்டுக்கு அது தெரியல. அத செஞ்சவன் வேற ஏதோ சத்தத்த சொல்லிக் குடுத்து அனுப்பிகிறான். நம்ம பெட்டி பழசு, அதும் சத்தம் வேற. அவங்க போயி எந்நேரமோ ஆவுது, இது இன்னும் கேட்டுகினே குந்திகினு கீது."

"உங்கள மாதிரியே கீது அண்ணா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அதிலிருந்து தினம் வந்தார். ஒன்றை மாற்றினால் ஒன்று சரியாகும், மறுநாள் மறுபடி ஒரு கட்டம் பச்சையிலேயே நிற்கும். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. எந்தக் கிராமத்தில் எந்தப் பெண் வலியோடு எங்கேஜ் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று புலம்பினார். அவர் புலம்பிப் புலம்பி எனக்கும் தொற்றிக்கொண்டது. போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், திரையில் கட்டம் பச்சையாக நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

இதற்கு நடுவில் மகளோடு வேறு மனத்தாங்கல். தலைப்பிரசவத்துக்குப் பெற்ற வீட்டுக்கு வர வேண்டும் என்றார் இவர். அவள் மறுத்துவிட்டாள். "ஒன் வீட்ல யாரு கீறாங்க என்ன பாத்துக்க? நீ எவன் ஆபீஸ் போனையோ காதுல வெச்சிகினு நிப்ப" என்றிருக்கிறாள். உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் இவருக்குச் சுருக்கென்று குத்திவிட்டது. "சரி, ஒன் இஷ்டம்" என்றவர், அப்புறம் சாயங்காலப் போனை நிறுத்திவிட்டார். நான் கேட்டதற்கு, "அவளே அடிக்கட்டும்" என்றார். அங்கே அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ரோடெல்லாம் காவடி. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. அன்றைக்குள் சரியாகவில்லை என்றால் கார்டைக் கழற்றிவிடுங்கள் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். அவர் காலையிலேயே வந்து உட்கார்ந்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கார்டுக்கு எந்தச் சத்தம் என்று தெரிய வேண்டாம். ஒரே அளவில் விட்டு விட்டு, விட்டு விட்டு எது கேட்டாலும் அது எங்கேஜ் டோன்தான், ஆள் வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு லைனை விட்டுவிட வேண்டும். அப்படி மாற்றி வைத்தார். பிறகு தன் செல்போனிலிருந்து எங்கள் நம்பருக்கு அடிப்பதும் வைப்பதுமாக இருந்தார். நடுவில் வேறு அழைப்பு வந்தால் கீக் என்று ஒரு சத்தம் வருமே, அது கார்டைக் குழப்பும் என்று அதையும் போனில் நிறுத்திவைத்திருந்தார். யார் கூப்பிட்டாலும் அவர் நம்பர் எங்கேஜ்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கட்டம் பச்சையானது. அவர் அடித்ததில்லை, வெளியிலிருந்து வந்தது. என் மேஜைக்கு மணி வருவதற்குள் தானாக வெள்ளையானது.

"பாத்தியா மா! யாரோ மிஸ்டு கால். அவங்க வெச்ச ஒடனே இதுவும் வெச்சிட்டுது."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதுவும் பச்சையாகி, வெள்ளையானது. அவர் முழங்காலில் தட்டிக்கொண்டார். எனக்கு மனசுக்குள் என்னவோ உறுத்தியது. "நம்பர் தெரியுதா அண்ணா?" என்றேன். இப்போது கார்டு வழியாக வருவதால் நம்பர் தெரியாது என்றார். அதற்குள் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எனக்கு மணி அடித்தது, நிதானமாகப் பேசினார், வைத்தார், கட்டம் வெள்ளையானது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் மறுபடி ஒரு பச்சை, ஒரு வெள்ளை.

"முடிஞ்சிது மா. இனிமே கை வெக்க வேணாம்" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். டீ வரவழைத்துச் சூடாகவே குடித்தார்.

அவர் டம்ளரைக் கீழே வைத்த கொஞ்ச நேரத்தில் என் மேஜைப் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நைனா, இந்த தபா வெச்சிடாத நைனா. ஒன் காலப் புடிச்சிக்கறேன்."

"யாரு மா பேசறது?"

"நைனா இல்ல அங்க? இப்பகூட அவர்தான எடுத்தாரு?"

நான் ரிசீவரை நீட்டுவதற்குள் அவர் பிடுங்கிக்கொண்டார். கேட்டார். "எப்ப மா? எப்பலேர்ந்து? அத்த எங்க? மாப்பிள்ள எங்க?" அவள் மாமியாரும் புருஷனும் காவடியோடு மலைக்கு வந்திருக்கிறார்கள். வீட்டில் இவள் ஒருத்திதான். கத்திப் பார்த்திருக்கிறாள், அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே வந்து சட்டென்று நின்றார்.

"பாப்பா, இன்னா இவ்ளோ அமைதியா கீது? பக்கத்து வீட்டுத் தறி?"

அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "கரண்டு போச்சி நைனா, இப்பதான்."

அவர் திரையைப் பார்த்தார். வெள்ளையாக இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. தறி எப்படி அடிக்கும்? ஒரே அளவில், விட்டு விட்டு, விட்டு விட்டு. அவள் பேசி முடித்துப் பதிலுக்காக வாயை மூடியிருக்கிறாள். அந்த இடைவெளியில் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறி மட்டும் கார்டின் காதில் விழுந்திருக்கிறது. ஆள் வைத்துவிட்டார் என்று கார்டு அவளை விட்டுவிட்டது. ஒவ்வொரு தடவையும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"பேசிகினே இரு மா, வெக்காத, வண்டி வருது" என்று ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் அவளோடு பேசினேன். மூச்சை இழுத்து விடச் சொன்னேன், படுத்துக்கொள்ளச் சொன்னேன், சேலை இறுக்கத்தைத் தளர்த்தச் சொன்னேன். பெயர் கேட்டேன். அவள் "ரத்தம் வருதுக்கா" என்றாள். அப்போது அவள் குரலுக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம். மறுபடி டக். கரண்ட் வந்துவிட்டது.

"பேசு மா! ஏதாவது பேசிகினே இரு, நிறுத்தாத!" என்று கத்தினேன். வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வலியில் அவளால் பேச முடியவில்லை. லைன் போய்விட்டது.

அவள் நம்பர் என்னிடம் இல்லை. அவருக்கு அடித்தேன், எங்கேஜ். அவர் வண்டியில் இருந்தபடி அவளுக்கு அடித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அவரை விட்டால் எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. கார்டிலிருந்த ஒயர்களைப் பிடுங்கிப் போட்டேன். பழைய போனை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு அது அடிக்காதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். வெளியே பம்பைச் சத்தமும் அரோகராவும் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கூட்டத்தைத் தாண்டி வண்டி போய், திரும்பியும் வர வேண்டும். எனக்குத் தெரிந்த சாமியெல்லாம் கும்பிட்டேன்.

வண்டி வந்தபோது அவள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். அவர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார், காலில் செருப்பு இல்லை. சட்டையெல்லாம் ரத்தம். பிரசவ அறைக் கதவு மூடிய பிறகு அவர் உட்காரவே இல்லை. கதவில் காதை வைக்கப் போனார். நர்ஸ் அதட்டி விரட்டினாள். பெண் குழந்தை. அழத் தாமதித்து, பிறகு அழுதது. இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கார்டைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வார்டுக்குப் போனார். தனியாகப் போகப் பயந்து என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை. மருமகன் பால் வாங்கப் போயிருந்தார். இவர் கட்டில் கால்மாட்டில் நின்றார். அவள்தான் முதலில் பேசினாள், திரும்பாமல்.

"ஒன் செல்லு எங்கேஜாவே இருந்துச்சி, இங்க அடிச்சேன். 'வணக்கம், சொல்லுங்க'ன்ன. நானும் சொன்னேன் நைனா. பனிக்குடம் ஒடஞ்சிடுச்சி, வூட்ல யாரும் இல்ல, வண்டி அனுப்புன்னு சொன்னேன். நீ ஒண்ணுமே சொல்லாம வெச்சிட்ட."

ஊரில் எல்லோரையும் நிறுத்தி வைத்து டோனைப் பற்றி விளக்குகிறவர், விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நானே சொன்னேன். அது நைனா இல்லை மா, கம்ப்யூட்டர். அவர் குரலைச் சும்மா பதிவு பண்ணி வைத்திருந்தார். தறிச் சத்தத்தை அது எங்கேஜ் டோன் என்று நினைத்துவிட்டது. அவருக்கு நீ கூப்பிட்டதே தெரியாது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"கொரலு அவுருதுதானக்கா?"

"ஆமா மா. ஆனா..."

"மொத தபா வெச்சப்ப எனக்கு ஒண்ணும் தோணலக்கா. நைனா கேட்டுகினாரு, வண்டிய அனுப்பத்தான் அவசரமா வெச்சிட்டாருன்னு நெனச்சேன். வேற யாருக்கும் அடிக்கல. வாசப்படி வரைக்கும் தவழ்ந்து வந்து ரோட்டப் பாத்துகினு கெடந்தேன். ரெண்டாந்தபா, மூணாந்தபா வெச்சப்பதான், இன்னும் கோவம் போவலன்னு புரிஞ்சிது."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோபம் இல்லை பாப்பா என்று அவர் சொல்லியிருக்கலாம். நேற்று வண்டியில் வந்த வழியெல்லாம் உன் நம்பரைத்தான் அடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சுற்றி வந்து அவள் முகத்துக்கு நேராக நின்று, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"கொழந்தைய ஒரு தபா குடு மா."

அவள் குழந்தையைத் தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"தூங்குது நைனா" என்றாள்.

குழந்தை முழித்துக்கொண்டுதான் இருந்தது.